தோட்டத்துத் தகரம்

வாடகைக்கு எடுத்த தண்ணீர் வடிகட்டியை என் கட்டுகஸ்தோட்டை வீட்டில் பொருத்த வந்தவர் சொன்னார்: "மெஷின் கம்பெனியோடதுதான் அக்கா. பழுதானா நாங்களே திருத்துவோம். வேணாம்னா எடுத்துட்டுப் போய் இன்னொருத்தருக்குக் குடுப்போம். எதுவும் குப்பைக்குப் போகாது."

வடிகட்டியின் மூடிய குழாயிலிருந்து கீழே வைத்த பாத்திரத்தில் ஒரு சொட்டு விழுந்தது. சின்ன வயதில், கலஹா தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக் கூரை ஒழுகும்போது அம்மா வைக்கும் அலுமினியச் சட்டியிலும் இதே சத்தம்தான். ஒருமுறை தார் பூசக் கூரையில் ஏறிய அப்பாவைப் பார்த்துக் கணக்கப்பிள்ளை கத்தினார்: "எறங்குடா! தோட்டத்துத் தகரத்துல கை வைக்காத. நாங்க திருத்துவோம்."

எத்தனையோ மழைக்கு அந்தச் சட்டி நிறைந்தது, யாரும் வரவில்லை. அப்பா வேலையை விட்ட மறுநாளே வந்தார்கள், வீட்டைத் திருப்பி எடுக்க.

"ஃபோன்ல ஒரு கோல் எடுங்க, ஓடி வருவோம்" என்றார் வடிகட்டியைப் பொருத்தியவர்.

"சரி தம்பி" என்றேன். குழாய்க்கடியிலிருந்த பாத்திரத்தை எடுக்கவில்லை.