பெஞ்சு சார்

குனிந்தபடியே நடக்கிறார் பெஞ்சு சார். இடது கையில் கழற்றிய ஷூ, வாயில் விசில். வலது கை ஒவ்வொரு பெஞ்சின் காலையும் தொட்டுத் தொட்டுப் போகிறது. இருபத்திரண்டு பெஞ்சு, எண்பத்தெட்டுக் கால். எண்பத்தெட்டிலும் சாக்ஸ் இருக்கிறதா என்று பார்க்காமல் அவர் வகுப்பைத் தொடங்கியதில்லை. ஏழாவது பெஞ்சின் பின்னங்காலில் சிவப்புக் கோடு போட்ட சாக்ஸ் ஒன்று நழுவிக் கிடக்கிறது. மண்டியிட்டு அதை மேலே இழுத்துவிடுகிறார். நிமிர்ந்து, விசிலை எடுக்காமலே "ம்" என்கிறார். விசிலும் சின்னதாக ஒரு "கீ" சொல்கிறது. வாசலில் நிற்கிற முப்பத்தாறு பிள்ளைகளும் ஆறு ஆறாகப் பிரிந்து உள்ளே வருகிறார்கள்.

இது உடற்பயிற்சி வகுப்பு. பார்த்தால் வீடு மாற்றுவதைப் போல இருக்கும்.

பள்ளிக்கூடம் ஒரு சிறிய சபையைச் சேர்ந்தது. ஐந்தாம் வகுப்புவரைதான். முற்றம் என்று ஒன்று உண்டு. அதில் மூன்று வேன்களும் ஆசிரியைகளின் ஸ்கூட்டர்களும் விளையாடுகின்றன. பிள்ளைகள் விளையாட மிச்சம் இருப்பது ஆலய மண்டபம் மட்டும். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆராதனை, மற்ற நாட்களில் காலை ஜெபம், அது முடிந்ததும் உடற்பயிற்சி. நடுவில் இந்தப் பெஞ்சுகள். ஒவ்வொன்றும் சாய்மானத்தோடு, தாத்தா காலத்துக் கனத்தோடு இருக்கும். வகுப்பு தொடங்கும்போது சுவரோரம் தள்ள வேண்டும், முடியும்போது பழைய இடத்தில் வைக்க வேண்டும். போதகரின் கட்டளை அப்படி. சபையில் ஒவ்வொருவருக்கும் ஒரு இடம் உண்டு, நாலு விரற்கடை தள்ளிப் போனால்கூட ஞாயிறன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

சார் வந்து சேர்ந்த புதிதில், தள்ளுவதற்குக் கால்மணி நேரம், திரும்ப வைப்பதற்குக் கால்மணி நேரம், நசுங்கிய விரலுக்குத் தண்ணீர் ஊற்ற ஐந்து நிமிடம் என்று நாற்பது நிமிடத்தில் முப்பத்தைந்து கரைந்துபோகும். ஐந்து நிமிடத்தில் என்ன விளையாட்டைச் சொல்லித் தருவது? கல்லூரியில் ஓட்டம், தாண்டல், எறிதல் எல்லாம் முறையாகப் படித்துவிட்டு வந்த மனிதர். கோலூன்றித் தாண்டுவதுகூடத் தெரியும். அவருக்கு மனசு ஆறவில்லை. முதலில் இந்தப் பெஞ்சு வேலையைச் சுருக்குவோம், அப்புறம் விளையாட்டை விரிப்போம் என்று தீர்மானித்தார். அங்கேதான் வந்தது வினை.

பெஞ்சுக்கு ஆறு பேர் என்று பிரித்தார். நடுவில் குட்டைப் பிள்ளைகள், முனைகளில் நெட்டைப் பிள்ளைகள். தரை கீறாமல் இருக்க, எல்லா வகுப்புப் பிள்ளைகளையும் ஜோடி தொலைந்த சாக்ஸ் ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னார். எந்த வீட்டில்தான் ஒற்றைச் சாக்ஸ் இல்லை? ஒரே வாரத்தில் எண்பத்தெட்டும் சேர்ந்துவிட்டன. பூப்போட்டது, பொம்மை போட்டது, யாருடைய அப்பாவுடையதோ முழங்கால்வரை வருவது. அடுத்த ஞாயிறு போதகர் பிரசங்கம் செய்ய, சபை முழுவதும் தலையைக் குனிந்தே இருந்தது. என்ன பக்தி என்று அவர் உருகிப்போனார். எல்லாரும் சாக்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

விசிலுக்கு ஒரு மொழி வைத்தார். இரண்டு குட்டி விசில் என்றால் பெஞ்சுகள் சுவருக்குப் போக வேண்டும். ஒரு நீள விசில் என்றால் எல்லாம் அதனதன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். இன்னும் இரண்டு சட்டங்கள் உண்டு. "பெஞ்சு மேல குடை இருக்கா, பை இருக்கா, அதெல்லாம் எடுத்து வச்சு நேரத்த வீணாக்காதீங்க. என்ன இருக்கோ அதோட சேர்த்துத் தூக்கு!" என்பது முதலாவது. "பெஞ்சு கையில இருக்கறப்ப யாரும் பல்லக் காட்டக் கூடாது. சிரிச்சா பலம் போயிடும்" என்பது இரண்டாவது. இரண்டாவதை அவர் முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். வகுப்பில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சாருக்குப் பல்லே கிடையாது என்று நம்புகிற கட்சி ஒன்று பள்ளியில் இருக்கிறது.

பதினைந்து நிமிடம் பத்தானது, ஐந்தானது, மூன்றே கால் ஆனது. ஒருமுறை பெஞ்சு மேல் பூனை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. அதோடு சேர்த்துத் தூக்கிச் சுவரோரம் வைத்தார்கள். பூனை கண்ணைத் திறக்கவில்லை. அந்தக் கதையைச் சார் கல்யாண வீடுகளில்கூடச் சொல்லுவார். "கண்ணையே திறக்கலீங்க!" என்று முடிக்கும்போது அவர் குரல் தழுதழுக்கும்.

மிச்சமான நேரத்தில் விளையாடலாம் அல்லவா? பந்து மூட்டையை அவிழ்க்கப் போவார். அதற்குள் ஐந்தாம் வகுப்பு வாயாடி முன்னால் வந்து நிற்பாள். முன்பல் இரண்டு இல்லாத, முதல் பெஞ்சின் தலைவி. "சார், மூணே கால்தான் சார். மூணுக்குள்ள வந்துடுவோம் சார். இன்னொரு வாட்டி தூக்கலாம் சார்!" முப்பத்தாறு பேரும் "சார், சார்" என்று பிடுங்கி எடுப்பார்கள். சாருக்கும் உள்ளூர ஆசைதான். "சரி, ஒரே வாட்டி" என்பார். அந்த ஒரே வாட்டி ஒரு வகுப்பில் ஆறு தடவை வரும். வாங்கிய பந்துகளில் விலைச் சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வீட்டிலும் பழக்கம் விட்டபாடில்லை. "என்னங்க, கட்டிலக் கொஞ்சம் நகர்த்துங்கன்னா விசில் எதுக்குங்க?" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்கிறாள்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தலைமையாசிரியை ஒருநாள் அவரைக் கூப்பிட்டார்.

"மாஸ்டர், சபைக் கல்வி அலுவலகத்துலேர்ந்து அதிகாரி வர்றாரு. நம்ம ஸ்கூல்ல உடற்பயிற்சின்னு ஒண்ணு நடக்குதான்னு பாக்கணுமாம். நடக்கலைன்னா உங்க போஸ்ட எடுத்துட்டு, அந்தப் பீரியடக் கணக்குக்குக் குடுக்கச் சொல்லிட்டாங்க."

"நடக்குதே, மேடம்."

"என்ன நடக்குது?"

   ஏழு வருடமாக என்ன நடக்கிறது என்று அன்றைக்குத்தான் சார் யோசித்தார். ஓடக் கற்றுக்கொடுக்கவில்லை. தாண்டக் கற்றுக்கொடுக்கவில்லை. சாமான் தூக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார். வேலை போவதைவிட, அதிகாரி சொல்லப்போவது நியாயம்தானே என்ற நினைப்பு அவரை இரண்டு இரவு தூங்கவிடவில்லை.

இரண்டு வாரம் பெஞ்சுப் பேச்சே கிடையாது, வேன் டிரைவர்கள் தள்ளிக்கொள்வார்கள் என்று அறிவித்தார். அணிவகுப்பு, குட்டிக்கரணம், பந்தெறிதல் மூன்றும் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் மருந்து குடிக்கிற முகத்தோடு செய்தார்கள். "தூக்கவே மாட்டோமா, சார்?" என்று வாயாடி தினமும் கேட்டாள். "அதிகாரி போகட்டும்" என்றார். அதிகாரியோடு தானும் போய்விடலாம் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

அந்த நாளும் வந்தது. காலையிலேயே டிரைவர்கள் பெஞ்சுகளைச் சுவருக்குத் தள்ளி, மண்டபத்தைக் காலியாக்கியிருந்தார்கள். ஒரே ஒரு பெஞ்சை மட்டும் வாசல் பக்கம் விருந்தாளிகளுக்காகப் போட்டிருந்தார்கள். இடது வரிசை நாலாவது பெஞ்சு அது. அதில் போதகர், தலைமையாசிரியை, நடுவில் அதிகாரி. அதிகாரி ஒல்லியான மனிதர். மடியில் ஒரு நோட்டு. எழுதத் தொடங்கினால் மூக்கு நோட்டில் முட்டும். உலகம் தலைகீழானாலும் நிமிர மாட்டார்.

அணிவகுப்பு தொடங்கியது. பிள்ளைகள் நேராக நடந்தார்கள், ஆனால் எல்லாரும் பக்கவாட்டில் நடந்தார்கள். பெஞ்சு தூக்குகிறவர்கள் அப்படித்தானே நடப்பார்கள்! அதிகாரி எழுதினார். குட்டிக்கரணத்தில் ஒருவன் பாதியில் மல்லாந்து விழ, பழக்க தோஷத்தில் ஆறு பேர் ஓடிவந்து அவனை அலுங்காமல் தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். அதிகாரி எழுதினார். பந்தெறிதல் வந்தது. பந்தை உருட்டிவிட்டார் சார். ஆறு பேர் அதைச் சுற்றி நின்றார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் ஆறு பேரும் சேர்ந்து அந்த ஒற்றைப் பந்தைத் தூக்கிக்கொண்டு போய், சத்தமில்லாமல் மூலையில் வைத்துவிட்டு வந்தார்கள்.

தலைமையாசிரியை சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். போதகர் கண்ணை மூடிக்கொண்டார், ஜெபமாகவும் இருக்கலாம். அதிகாரி மட்டும் ஒரு பக்கம் முடித்து அடுத்த பக்கம் திருப்பினார். சாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போதும், மானம் கொஞ்சமாவது மிஞ்சட்டும் என்று நிகழ்ச்சியை முடித்துக்கொள்ள விசிலை எடுத்து ஊதினார்.

நீளமாக ஊதிவிட்டார்.

ஊதி முடித்தபிறகுதான் அவருக்கே உறைத்தது. அதற்குள் முப்பத்தாறு முகமும் மலர்ந்துவிட்டன. இரண்டு வாரப் பசி. சாருடைய கட்டைவிரலும் துரோகி. தானாகவே போய் ஸ்டாப்வாட்ச்சை அமுக்கிவிட்டது. பெஞ்சுகள் சுவரைவிட்டுக் கிளம்பின. ஒரு கால்கூடத் தரையில் உரசவில்லை, ஒரு முனைகூட இன்னொன்றில் இடிக்கவில்லை. விவரம் தெரிந்த தலைமையாசிரியையும் போதகரும் சட்டென்று எழுந்து ஒதுங்கினார்கள். அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார். வாயாடி ஒரு கணம் நின்றாள். பெஞ்சைப் பார்த்தாள், மேலே இருந்த அதிகாரியைப் பார்த்தாள். என்ன இருக்கோ அதோட சேர்த்து! பக்கத்துக் குழுவிலிருந்து நாலு பேரைக் கண்ணாலேயே கூப்பிட்டாள். பத்துப் பேரும் குனிந்தார்கள்.

"வேணாம்" என்று சொல்ல நினைத்தார் சார்.  அதற்குள் பெஞ்சு தரையைவிட்டு ஒரு சாண் எழும்பி, அவர் முன்னாலேயே மிதந்து போனது. பத்துப் பேரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

எழுதி முடித்து, முற்றுப்புள்ளி வைத்து, அதிகாரி நிமிர்ந்தார். எதிரே தூரத்தில் இருந்த பிரசங்க மேடை பக்கத்தில் வந்திருந்தது. இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். தனக்கு முன்னாலும் பின்னாலும் வரிசை வரிசையாகப் பெஞ்சுகள், ஆராதனைக்குத் தயாராக. குனிந்து கீழே பார்த்தார். பெஞ்சின் கால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில் சாக்ஸ் போட்டிருந்தது.

 சார் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"மன்னிக்கணும், சார். பிள்ளைங்க மேல தப்பில்ல. நான் சொல்லிக்குடுத்தது இது ஒண்ணுதான்."

அதிகாரி நோட்டைப் பார்த்தார். கடைசி வரியில் 'உடற்பயிற்சி நடைபெறுவதாகத் தெரியவில்லை' என்று எழுதியிருந்தது. குண்டுகுண்டான கையெழுத்து. ஒரு எழுத்துகூடக் கோணவில்லை. அந்த வரியை விரலால் தடவினார், தான் முன்பு உட்கார்ந்திருந்த வாசல் பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார், மறுபடி வரியைத் தடவினார்.

"இது எழுதறப்பதான் தூக்கினாங்களா?"

"ஆமா, சார்."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

சார் தயங்கித் தயங்கி ஸ்டாப்வாட்ச்சைக் காட்டினார். வாயாடி அவர் கைக்கடியில் தலையை நுழைத்துப் பார்த்துவிட்டாள். "ரெண்டு அம்பத்தாறு! சார், மூணுக்குள்ள, சார்! ஆளோட சேர்த்து, சார்!"

அதிகாரி அந்த வரியை ஒரே கோட்டில் அடித்தார். நோட்டை மூடிச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். ஷூவைக் கழற்றிப் பெஞ்சுக்கடியில் தள்ளிவிட்டு, கால்களைத் தூக்கி மேலே மடித்து வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பலகையைக் கெட்டியாகப் பிடித்தார்.

"இன்னொரு வாட்டி, மாஸ்டர். இந்த வாட்டி நான் பாக்கணும்."

பத்துப் பேரும் குனிந்தார்கள். சார் விசிலை வாயில் வைத்து ஊதினார். காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினார், மறுபடியும் காற்று. உதடு குவிய மாட்டேன் என்றது. முப்பத்தாறு பிள்ளைகளும் அன்றைக்குத்தான் அவருடைய பல்லைப் பார்த்தார்கள். கடைசியில் சார் இரண்டு விரலால் உதட்டைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு குட்டி விசில் கொடுத்தார்.