அங்கே கடையே இல்லையாம்!

வெளிநாட்டுப் பார்சல் தொழில் விமானத்தை நம்பி ஓடுகிறது என்று நினைப்பீர்கள். இல்லை, போன ஊரில் ஒரு கடையைக் கண்டுபிடிக்கத் துப்பில்லாத பிள்ளைகளை நம்பி ஓடுகிறது.

கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரே கேள்விக்கு ஒரு நாளைக்கு நாற்பது தடவை பதில் சொல்கிறவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். ரேஷன் கடையோ, இ-சேவை மையமோ, பஸ் ஸ்டாண்டு விசாரணையோ, நீங்கள் எங்கே மாட்டிக்கொண்டிருந்தாலும் சரி, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்துவிட்டு "இந்தப் பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி" என்பார்கள். எங்கள் வீட்டிலேயே அதைத்தான் சொல்கிறார்கள்.

ப்ளஸ் டூ முடிந்த அன்றைக்கு, இனிமேல் படிக்கமாட்டேன் என்று அறிவித்தேன். பம்ப்செட் மெக்கானிக்கான என் அப்பா கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "மூணு மாசம் ஒரே எடத்துல வேலை பாத்துக் காட்டு. அப்பறம் ஒன் இஷ்டம். நடுவுல நீயா நின்னாலும் சரி, அவங்களா வெரட்டுனாலும் சரி, நேரா பி.காம்.தான்" என்றார். வரவு செலவு, பற்று என்று யாராவது பேசினாலே எனக்குக் கொட்டாவி வரும். மறுநாளே கீரனூரில், திருச்சி ரோட்டில், முருகேசன் அண்ணனின் பார்சல் கடையில் சேர்ந்துவிட்டேன்.

மாட்டு ஆஸ்பத்திரி

எங்கள் கடைக்கு ஒரு விசேஷம் உண்டு. போன் மேப்பில் தேடினால் அது கால்நடை மருத்துவமனை வாசலில் கொண்டுபோய் விடும். யாரோ எப்போதோ புள்ளியைத் தப்பாக வைத்துவிட்டார்கள். "மாத்திருவோமாண்ணே?" என்று முதல் நாளே கேட்டேன். "தேவைப்பட்டவங்க தேடி வருவாங்க" என்றார் முருகேசன் அண்ணன். உலகம் முழுக்க அட்ரஸ் எழுதி அனுப்புகிற கடைக்குச் சொந்த அட்ரஸ் கிடையாது.

தேவைப்பட்டவர்கள் தேடித்தான் வந்தார்கள், கோபத்தோடு. ஒருநாள் ஒரு பெரியவர் வியர்த்து விறுவிறுக்க உள்ளே வந்து தகர டின்னை மேசையில் இறக்கினார். நான் "உக்காருங்கய்யா" என்று சொல்லி முடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"எனக்கு முன்னாடி மூணு பேரு மாட்டோட நிக்கிறாங்க, நான் முறுக்கு டின்னோட நிக்கிறேன். டாக்டர் என்னையப் பாத்து 'எத்தனை நாளா இப்படி இருக்கு?'ன்னு கேக்குறாரும்மா!"

முடி வெட்ட அப்பாயின்ட்மென்ட்

டொரான்டோவுக்குப் போன மகனுக்கு ஒருத்தர் ட்ரிம்மர் கொண்டுவந்தார். பேட்டரி உள்ள சாமான் எடுக்கமாட்டோம் என்றேன். அவர் விடவில்லை. அங்கே சலூனே இல்லையாம். இருக்கிறதாம், ஆனால் முடி வெட்டிக்கொள்ள ஒரு வாரம் முன்னாலேயே அப்பாயின்ட்மென்ட் வாங்க வேண்டுமாம். நினைத்த நேரத்தில் போய், பெஞ்சில் உட்கார்ந்து, கிழிந்த பேப்பரைப் படித்து, "அஞ்சே நிமிசம் தம்பி" என்ற வார்த்தையை நம்பி ஒரு மணி நேரம் காத்திருக்கிற மாதிரி ஒரு நல்ல சலூன் அந்த நாட்டிலேயே இல்லையாம். பையன் நாலு மாதமாக முடி வெட்டவில்லை.

போட்டோவைக் காட்டினார். பையன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் முடி இருந்தது. "ரூல்னா ரூல்தாங்க, பேட்டரி போகாது" என்றேன். ட்ரிம்மரைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு, தராசையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப வெட்டுற ஆளையே பொட்டியில போட்டு அனுப்புனா எத்தனை கிலோ வருவாருன்னாவது சொல்லு."

அளவு ஜாக்கெட்

டப்ளினில் இருக்கும் ஒரு அக்காவின் ஜாக்கெட் எனக்கு நன்றாகத் தெரியும். அக்காவைத்தான் தெரியாது. அந்த ஊரில் பக்கத்தையலைப் பிரித்துவிடுகிற டெய்லர் கிடைக்கவில்லை என்று ஜாக்கெட் அங்கிருந்து கீரனூருக்கு வந்தது. இங்கே பிரித்துத் தைத்துத் திரும்பப் போனது. போய்ச் சேர்வதற்குள் அக்கா இன்னொரு சுற்று பெருத்திருந்தார். மறுபடி வந்தது, மறுபடி போனது. என்னைவிட அதிகமாக விமானத்தில் பறந்த ஜாக்கெட் அது. நான் இன்னும் ஏறவே இல்லை என்பது வேறு விஷயம்.

மூன்றாவது தடவை அவருடைய அம்மா அதை மேசைமேல் வைத்தபோது, "புதுசா ஒண்ணு பெருசாத் தைச்சு அனுப்பிருங்களேன்" என்றேன். முறைப்பார் என்று நினைத்தேன். பெருமூச்சுதான் விட்டார்.

"தையக்காரரு கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு பாப்பா. இனிமே பிரிக்க உள்ள துணி இல்லையாம், அவதான் கொறையணுமாம்."

சரோஜா அத்தையின் மூட்டை

இதுவரைக்கும் நான் நல்ல பிள்ளை. வில்லங்கம் குளத்தூர் சரோஜா அத்தை ரூபத்தில் வந்தது. மகன் செந்தில் வேலை கிடைத்து ஜெர்மனி போய் நாலு மாதம். அத்தை கொண்டுவந்ததோ எட்டு கிலோ: இட்லி அரிசி, உளுந்து, குழம்புத்தூள், புளி. "அங்க கடையே இல்லையாம்மா. புள்ள ரொட்டியத் தின்னே எளச்சுப் போச்சு" என்றார். பெட்டியில் அட்ரஸ் எழுத வேண்டுமே என்று போனில் அந்தத் தெருவைத் தட்டினேன். பையன் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில், தமிழ்ப் பெயரோடு ஒரு மளிகைக் கடை. வாசல் போட்டோவில் அதே இட்லி அரிசி, அதே மூட்டை. எனக்கு வாய் சும்மா இருக்குமா?

அத்தை அங்கேயே வீடியோ கால் போட்டார். "தெனமும் அந்த வழியாத்தாம்மா போறேன்" என்றான் செந்தில். போனைப் பார்த்துக்கொண்டு நடந்தால் கடை எப்படித் தெரியும்? அத்தை அப்போதே அவனைக் கிளப்பிவிட்டார், போனைக் கையில் பிடித்தபடி கடைக்குள் நுழைந்தான். கடைக்காரர் இலங்கைத் தமிழர். "வாங்கோ தம்பி, என்ன வேணும்?" என்றதுதான் தாமதம், அத்தை "போனை அவருகிட்டக் குடுடா" என்று, அவருக்கு எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், வீட்டில் என்ன குழம்பு என்பது வரைக்கும் விசாரித்து முடித்தார். பிறகு மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். பில் புத்தகத்தில் பேனாவை ஊன்றியபடி முருகேசன் அண்ணன் அப்படியே நின்றார்.

"இதை நான் வீட்டுக்கே கொண்டு போறேன். நீ மகராசியா இருக்கணும் ஆத்தா!"

எச்சரிக்கை

அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு பெட்டிகள் அதே மாதிரி வீட்டுக்குத் திரும்பின. ஒன்று ஊறுகாய், ஒன்று ரசப்பொடி. நான் என்ன செய்வேன்? கேட்கிறார்கள், தட்டிப் பார்க்கிறேன், கடை இருக்கிறது. இல்லாத கடையை இருக்கிறது என்று சொன்னால்தானே பொய்?

அது எனக்கு அறுபத்திரண்டாவது நாள். வீட்டு காலண்டரில் அப்பா தினமும் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பி.காம். விண்ணப்பம் ஒன்று டி.வி.க்குப் பக்கத்தில் தயாராக இருந்தது. முருகேசன் அண்ணன் சத்தம் போடுகிற ஆள் இல்லை. டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"நான் வச்சிருக்கறது பார்சலை அனுப்புற கடை தாயி, நீ நடத்துறது பார்சலைத் திருப்பி அனுப்புற கடை. இன்னும் ஒரு பொட்டி திரும்பிப் போச்சு, நீயும் அது கூடவே போயிரு."

சார் கேட்ட கேள்வி

ஒன்பது நாள் வாயைக் கட்டினேன். உண்மையாகவே தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாளும் உண்டு. பத்தாவது நாள் எனக்கு அறிவியல் எடுத்த சார் வந்தார். ரிட்டயர் ஆகிவிட்டார். மெல்போர்னில் இருக்கும் மகளுக்குப் பித்தளை இடியாப்ப உரலும் அரிசி மாவும். பெட்டி ஏழு கிலோ. "ஏம்மா, இதெல்லாம் அங்க கடையில கெடைக்காதாம்ல?" என்றார். எனக்குப் பின்னால் முருகேசன் அண்ணன் தொண்டையைச் செருமினார். அட்ரஸ் எழுதும்போதே போனில் தட்டிப் பார்த்திருந்தேன், ஆனாலும் "எனக்குத் தெரியாது சார்" என்றேன்.

அத்தோடு விட்டிருந்தால் எல்லோருக்கும் நல்லது. சார் சிரித்தார். "கிளாஸ்லயும் இதத்தான் சொல்லுவ" என்றார். பக்கத்தில் இரண்டு கஸ்டமர்கள் வேறு. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஒங்க மக வீட்டுலேருந்து மூணு ஸ்டாப் தள்ளி ஒரு கடை இருக்கு சார். மாவு இருக்கு, உரலும் இருக்கு. ஞாயித்துக்கெழமையும் தெறந்திருப்பாங்க" என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன். சொல்லி முடித்த பிறகுதான் பின்னாலிருந்த செருமல் நின்றுவிட்டது தெரிந்தது. சார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். இறங்கியவர் திரும்பிப் பார்த்தார்.

"பரவால்லையே, அஞ்சு வருசத்துல இன்னைக்குத்தான் ஒரு கேள்விக்கு முழுசா பதில் சொல்லிருக்க!"

இரண்டு வீடு

முருகேசன் அண்ணன் வாசலைக் காட்டினார். எழுபத்திரண்டாவது நாள். டிபன் பாக்ஸைப் பையில் போட்டு, கணக்குப் பதிவியல் புத்தகத்தின் அட்டை என்ன நிறமாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே செருப்பை மாட்டினேன். அப்போது வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. சரோஜா அத்தை இறங்கினார். பின்னாலேயே அவர் வீட்டுக்காரர், இரண்டு அட்டைப்பெட்டிகளைச் சுமந்துகொண்டு.

அரிசி இல்லை, உளுந்து இல்லை. அதெல்லாம் செந்தில் அந்தக் கடையிலேயே வாங்கிக்கொள்கிறான். கடைக்காரர் கறிவேப்பிலைக்குக் காசே வாங்குவதில்லையாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டுப் புட்டு போட்டிருக்கிறார்கள். "புள்ளைக்குச் சோறு போட்டவங்களை வெறுங்கையோட விட்டா நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசறது?" என்றார் அத்தை. ஆகவே கடைக்காரர் மனைவிக்குச் சேலை, இரண்டு மகள்களுக்கும் பாவாடை சட்டை, அதிரசம், முறுக்கு. அவர்களுக்கு அனுப்பிவிட்டுச் சொந்த மகனை விட முடியுமா? அவனுக்கும் அதே அளவு முறுக்கு. தராசு பதினாலு கிலோ காட்டியது. அந்தக் கடையில் முறுக்கு பாக்கெட் சரம் சரமாகத் தொங்கியதை வீடியோ காலில் என் கண்ணால் பார்த்தேன். முறுக்கு விற்கிறவருக்கே முறுக்கு போகிறது. சொல்வதற்கு வாயைத் திறந்தேன். டி.வி.க்குப் பக்கத்தில் இருக்கும் விண்ணப்பம் ஞாபகம் வந்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக வாயை மூடினேன்.

முருகேசன் அண்ணன் தராசைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், கடைசியில் செருப்போடு நிற்கிற என்னைப் பார்த்தார்.

"என்ன வேடிக்கை பாக்குற? டிபன் பாக்ஸை உள்ள வச்சிட்டு டேப்பை எடு."

தொண்ணூறாவது நாள்

அதற்குப் பிறகு ரசப்பொடி வீட்டிலிருந்து பட்டுத்துணி வந்தது, ஊறுகாய் வீட்டிலிருந்து குத்துவிளக்கு வந்தது. எல்லாம் முகம் தெரியாத கடைக்காரர்களுக்கு. சார் மட்டும் இன்னும் வரவில்லை. மெல்போர்ன் கடைக்காரர் புட்டு போடுகிற ரகமில்லை போல. இப்போது யாராவது "அங்க கடையே இல்லையாம்" என்று ஆரம்பித்தால் அண்ணனே "இந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க, தேடிக் குடுக்கும்" என்கிறார். போன மாதம் இதே காரியத்துக்குத்தான் எனக்கு வாசலைக் காட்டினார். அதை ஞாபகப்படுத்தினேன். காது கேட்காத மாதிரி பில் போட்டார்.

தொண்ணூறாவது நாள் அப்பா நேரில் பார்க்க வருவதாகச் சொன்னார். பதினோரு மணிக்கு வர வேண்டியவர் பன்னிரண்டரைக்கு வந்தார். வேட்டி ஓரத்தில் சாணி. எங்கே போய்விட்டு வருகிறார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "வாய் கொஞ்சம் ஜாஸ்திங்க, ஆனா கடைக்கு ஆகுற வாய்" என்று முருகேசன் அண்ணன் சாட்சி சொன்னார். அப்பா அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து, நான் இரண்டு பெட்டிகளுக்கு டேப் ஒட்டுவதைப் பம்ப்செட் ஓடுகிறதா என்று பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு எழுந்து வேட்டியை உதறினார்.

"சரி, பி.காம்.மை அடுத்த வருசம் பாத்துக்குவோம். மொதல்ல அந்த மேப்பை மாத்தச் சொல்லு."

ஆக, ஜெர்மனியிலும் ஆஸ்திரேலியாவிலும் எந்தத் தெருவில் எந்தக் கடை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கீரனூரில் எங்கள் கடைக்கு மட்டும் வர வேண்டுமானால், மாடுகளுக்கு நடுவில் நின்று ஒரு போன் போடுங்கள், நானே வந்து கூட்டிப்போகிறேன்.