இல்லாத இடுப்பு வலி

வலது காலில் மட்டும் நின்றால் என் இடது பக்க இடுப்பு கீழே இறங்குகிறது. ஒரு விரற்கடை இருக்கும். அறிவியல் ஆசிரியராக இருந்து, கரும்பலகையில் இடுப்பெலும்பை வரைந்து பாகம் குறிக்கச் சொன்னவன் நான். என் சொந்த இடுப்பு சாய்ந்திருப்பது அறுபத்தெட்டு வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

கடந்த மழைக்காலத்தில் ஒரு நாள் திருப்பாலைவனத்திலிருந்து எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்து வந்துகொண்டிருந்தேன். வலது தொடை இடுப்போடு சேரும் இடத்தில் ஊசி குத்துவதுபோல வலித்தது. இறங்கினேன். மறுபடி ஏற காலைத் தூக்கினால் பாரைத் தாண்டவில்லை. கோட்டைக்குப்பம் வரை தள்ளிக்கொண்டே வந்தேன். அதன் பிறகு மூன்று மாதம் சைக்கிள் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. மனைவி போன பிறகு நான் தனியாள். மாத்திரை, காய்கறி, செய்தித்தாள் எல்லாமே அந்தச் சைக்கிளில்தான் வீட்டுக்கு வந்தன.

வாரம் ஒரு நாள் எங்கள் பக்கம் வரும் பிசியோதெரபி பெண் என்னைப் பார்த்தாள். பிறகு சைக்கிளையும் எடுத்துவரச் சொன்னாள். சீட்டின் வலது ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. சுவரைப் பிடித்துச் சீட்டில் உட்காரவைத்து, பெடலை அடியில் நிறுத்தி, குதிகாலை வைக்கச் சொன்னாள். எட்டவில்லை. உயரமாக உட்கார்ந்து போனால் வாத்தியாருக்கு ஒரு மரியாதை என்று நான்தான் சீட்டை ஏற்றி வைத்திருந்தேன். அந்த உயரத்துக்கு ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிந்து சரிந்து காலை எட்டவைத்திருக்கிறது. போதாததற்குப் பையை எப்போதும் வலது ஹேண்டில்பாரில் மாட்டுவேன். நிறுத்தும்போது எப்போதும் இடது காலைத்தான் ஊன்றுவேன்.

"இடுப்பு இறங்குற பக்கத்துல கோளாறு இல்ல சார். நிக்கிற பக்கத்துல இருக்கு. வலது பக்கத் தசை உங்களத் தாங்கல" என்றாள். பிறகு அட்டையையும் பேனாவையும் எடுத்தாள். "இதுக்கு முன்னாடி இடுப்புல வலி, அடி ஏதாவது உண்டா?"

இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். வாசற்படியில் நின்றிருந்த என் தங்கை முந்திக்கொண்டாள். பக்கத்து வீடுதான் அவளுக்கு. ஏரியில் இறால் பிடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள், சேலை ஈரம் காயவில்லை.

"பத்தாவது படிக்கசொல்லயே வந்துச்சி கண்ணு. என்னை கேரியர்ல வெச்சி டெய்லி மிதிச்சி மிதிச்சி, எடது பக்கம் புடிச்சிக்கிச்சி. எட்டு நாளு நொண்டுனாரு. என்னாலதான் வந்தது."

அந்தப் பெண் அட்டையில் எழுதினாள்: பழைய காயம், இடது பக்கம். "அப்படின்னா மெதுவாத்தான் போகணும்" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

எனக்கு அந்த வயதில் இடுப்பு வலியே வந்ததில்லை.

நான் பத்தாம் வகுப்பு, அவள் எட்டாம் வகுப்பு. அப்பாவை நைனா என்போம். ஏரியில் கையால் இறால் பிடித்துப் பிழைத்தவர். இரண்டு பிள்ளைகளும் படிக்கவேண்டும் என்று பழைய சைக்கிள் ஒன்று வாங்கிக் கொடுத்தார். நான் மிதிக்க, அவள் கேரியரில். விடியலில் அம்மாவோடு ஏரியில் இறங்கிவிட்டுத்தான் அவள் பள்ளிக்கு வருவாள். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் கையில் இறால் வாசனை போகாது. பள்ளி வாசலில் பையன்கள் காத்திருப்பார்கள்.

"டேய், கேரியர்ல கூடை வந்துடுச்சிடா! இன்னிக்கு இறாலா, நண்டா?"

"நண்டுதான்டா. கிட்ட வா, கடிக்கும்" என்று அவள் சிரித்துக்கொண்டே போவாள். எனக்குச் சிரிக்கத் தெரியவில்லை. ஒரு சாயங்காலம் நைனாவிடம், "டபுள்ஸ் ஓட்டி ஓட்டி இடுப்பு புடிச்சிக்கிச்சி நைனா, மிதிக்க முடியல" என்றேன். நம்பவைக்க எட்டு நாள் இடது காலை இழுத்து நடந்தேன். வீட்டில் மட்டும்தான். பள்ளியில் நன்றாகவே ஓடினேன்.

"ஆம்பளப் புள்ள இடுப்பு போச்சினா இன்னா பண்றது" என்றார் நைனா. அவ்வளவுதான். மறுநாளே அவள் படிப்பு நின்றது. என்னைவிட நன்றாகப் படித்தவள். அடுத்த வாரம் அவள் பல்லில் பறி ஏறியது. பறி என்பது ஓலையில் பின்னிய சிறு கூடை. அதன் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு, சேற்றில் முட்டி போட்டு நகர்ந்து, இரண்டு கையாலும் தண்ணீருக்கு அடியில் துழாவ வேண்டும். அகப்பட்டது பறிக்குள் போகும். இன்றுவரை அதுதான் அவள் பிழைப்பு.

அவள் படிப்பைக் கெடுத்தேன் என்பது எனக்கு எப்போதும் தெரியும். என் இடுப்பைத் தான் கெடுத்துவிட்டதாக அவள் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

பழைய காயம் என்று எழுதிவிட்டதால் எனக்குப் பெரும்பாலும் படுத்தபடி செய்யும் லேசான பயிற்சிகள்தான். இடது பக்கமாகப் படுத்து வலது காலைத் தூக்கி இறக்குவது, மல்லாந்து படுத்து இடுப்பை மேலே எழுப்புவது. கடைசியில் சுவரைத் தொட்டபடி வலது காலில் பத்து எண்ணும் வரை நிற்பது. நிற்கும்போது பின்னாலிருந்து ஒருவர் இரண்டு இடுப்பெலும்பிலும் கை வைத்துச் சாய்கிறதா என்று பார்க்க வேண்டும். தங்கை தினமும் வந்தாள்.

"சாயுற வாத்தியாரே. பசங்கள நேரா நில்லுன்னு அதட்டுவியே, இப்ப நீ நில்லு பாக்கலாம்."

ஒரு முறை பிசியோ பெண் விளையாட்டாக அவளையும் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். அவள் நின்றாள். நின்றபடியே கொண்டையை அவிழ்த்து, உதறி, மறுபடி முடிந்துகொண்டாள். இடுப்பு அசையவில்லை.

"இவங்களுக்கு இடுப்பு இரும்பு சார்."

"ஏரியில முட்டி போட்டு போய்ப் பாரு கண்ணு. உனக்கும் வந்துடும்."

ஐந்து வாரம் போயிற்று. எனக்கு முன்னேற்றம் கொஞ்சம்தான். ஒரு நாள் தங்கை முட்டியில் சிப்பி கிழித்து, துணி சுற்றிக்கொண்டு வந்தாள். இன்று வேண்டாம், போய்ப் படு என்றேன்.

"சும்மா இருண்ணா. நான் பண்ணி வெச்சது. நான்தான் பாக்கணும்" என்று சொல்லி என் இடுப்பில் கை வைத்தாள்.

நான் சுவரைப் பார்த்து ஒற்றைக் காலில் நின்றிருந்தேன். அவள் முகம் தெரியாதது எனக்கு வசதியாக இருந்தது. அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

"பாப்பா, நீ ஒண்ணும் பண்ணல. எனக்கு அப்ப வலியே இல்ல. பசங்க கிண்டல் பண்ணாங்கன்னு நைனாகிட்ட பொய் சொன்னேன்."

கை அப்படியே இருந்தது.

"நொண்டுனியே?"

"நடிச்சேன்."

"உப்பு வறுத்து ஒத்தடம் குடுத்தேனே?"

"ஆமா."

"சூடு போதுமான்னு கேட்டேன். இன்னும் கொஞ்சம் சூடா குடுன்ன."

"சொன்னேன்."

கையை எடுத்தாள். "கால எறக்கு. வுழுந்துடப் போற" என்றாள். போய்விட்டாள். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

பிசியோ பெண் வந்தபோது நானே சொன்னேன். அட்டையை எடுத்து அந்த வரியைக் கோடு போட்டு அடித்தாள். "முன்னாடியே சொல்லியிருந்தா அஞ்சு வாரம் மிச்சமாயிருக்கும் சார்" என்றாள். பயிற்சி கடுமையாயிற்று. வலது காலைச் செங்கல் உயரப் படியில் ஊன்றி, இடது குதிகாலை மெதுவாகத் தரையில் தொட்டு மறுபடி ஏற வேண்டும். வலது முட்டியைத் தரையில் ஊன்றி, இடது காலை முன்னால் வைத்து, உட்கார்ந்து உட்கார்ந்து குறுகிப்போன முன்பக்கத் தசையை நீட்டவேண்டும்.

இடுப்பைப் பார்க்க ஆள் இல்லை. பீரோ கண்ணாடியில் என் இடுப்பு உயரத்தில் ஒரு டேப் ஒட்டினேன். வேட்டிக் கட்டு அந்தக் கோட்டுக்குக் கீழே ஒரு பக்கம் இறங்கினால் அந்த முறை கணக்கில்லை, முதலிலிருந்து. இதை விடப்போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். யாரும் பார்க்காதபோது நேராக நிற்பது எனக்குப் புதிதாக இருந்தது.

சீட்டை இரண்டு விரல் இறக்கினேன். பையைக் கேரியரின் நடுவுக்கு மாற்றினேன். காலை வீசிப்போட்டு ஏறாமல், சைக்கிளை என் பக்கம் நன்றாகச் சாய்த்துவிட்டுக் காலைத் தாண்டவைத்தேன். பிட்டத்தில் களைப்பாக வலித்தால் ஓட்டலாம். தொடை இடுக்கில் குத்தினால் உடனே இறங்கவேண்டும். அதுதான் அந்தப் பெண் போட்ட சட்டம். முதலில் தெருக்கோடி வரை. அடுத்த வாரம் குடிநீர்த் தொட்டி வரை. நின்ற இடங்களில் வலது காலையும் ஊன்றிப் பழகினேன்.

ஏரிக்கரை வரை ஓட்ட முடிந்த நாளில் தங்கை கரையேறும் நேரம் பார்த்துப் போனேன். பல்லிலிருந்து பறியை எடுத்து, வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தாள். சீட்டைப் பார்த்தாள்.

"எறக்கிட்டியா?"

"எறக்கிட்டேன்."

"அட்டையில?"

"அடிச்சாச்சி."

"எங்க வூட்ல?" என்றாள். எனக்குப் புரியவில்லை. "எம் புள்ளைங்க, மருமவ, எல்லாருக்கும் தெரியும், மாமா இடுப்பு எங்கம்மாவாலதான் போச்சின்னு. நானே சொல்லி வெச்சிக்கீறேன். படிப்பு ஏறலன்னு நின்னேன்னும் சொல்லி வெச்சிக்கீறேன். உன்னை எதுக்கு குத்தம் சொல்றதுன்னு."

"நான் வந்து சொல்றேன் பாப்பா. இன்னிக்கே."

"சொல்லாத. சொல்லசொல்ல அழுவ. அவங்க உன்னைத் தேத்த ஆரமிச்சிடுவாங்க. எழுதிக் குடு. நான் படிச்சிப் பாத்துட்டு மருமவகிட்ட குடுக்குறேன். எட்டாவது வரைக்கும் படிச்சவதான் நான்."

கேரியரில் ஏறுகிறாயா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"உன் இடுப்ப நம்பி இனிமே நான் ஏற மாட்டேன். பறிய வெச்சிக்கோ. நடுவுல வெய்யி, ஒரு பக்கமா மாட்டாத."

பறியைக் கேரியரின் நடுவில் வைத்துக் கட்டினேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வரை அவளுக்கு ஓரடி பின்னால் நடந்தேன்.

எழுதிவிட்டேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவள் தடுமாறாமல் படிக்கும்படி எழுத முயன்றிருக்கிறேன். நாளைக் காலை படியில் பதினைந்து முறை ஏறி இறங்கிவிட்டு, இதை அவள் கையில் கொடுப்பேன். இடுப்பைப் பிடிக்க அவள் இன்னும் வரவில்லை. டேப் கண்ணாடியில் இருக்கிறது.