எந்திரிச்சு நின்ன தேங்காய்

எங்கக்கா ஊட்டுக்காரரு சென்னியப்பனைத் தெரியாத ஆளு உடுமலைச் சுத்துவட்டாரத்துல கெடையாதுங்க. தேங்காயை உள்ளங்கையில படுக்க வெச்சுக்கிட்டுத் தோட்டத்துல நடப்பாரு. நீரோட்டம் இருக்கற எடத்துல அது தானா எந்திரிச்சு நிக்கும், அங்க போர் போடணும். தானாவாம், மண்ணாங்கட்டி! கட்டைவெரல்ல அவரேதான் நெம்பி உடுவாரு. எங்கக்கா பின்னால சொல்லித்தான் எனக்கே தெரியும். போர் வண்டிக்காரன் அடிக்கு இவ்வளவுன்னு கமிசன் குடுப்பான். தண்ணி வராம மண்ணுப் புகையாப் பறந்தாலும், "இன்னொரு நூறடி போடுங்க, இருக்குது"ம்பாரு. எத்தனையோ குடும்பம் அதுல நொடிச்சுப் போச்சு. கேட்டா, "அவங்க ராசி அப்படி"ன்னு போயிருவாரு.

தொண்ணூத்தஞ்சுல மழையே இல்ல. அவரு மக கயல்விழியோட ஊட்டுக்காரன் நஞ்சுண்டனுக்குத் தென்னந்தோப்புதான் சோறு. மட்டையெல்லாம் காஞ்சு தொங்கிப் போச்சு. தோப்பை அடமானம் வெச்சு போர் போட்டரலாம்னு மாமனாரைக் கூப்பிட்டான். எங்க மச்சான் சென்னியப்பனுக்குச் சோறே எறங்கல. மாப்ளையைத் தனியாக் கூட்டிப் போயி, "எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க மாப்ள. எல்லாம் வெரல் வேலை. வெளிய மட்டும் சொல்லிப்போடாதீங்க"ன்னாரு.

நஞ்சுண்டன் நம்பலீங்க. "ஊருக்கெல்லாம் பாக்கறீங்க, எனக்குப் பாக்க மனசு வல்லீங்களா?"ன்னு மூஞ்சியத் தூக்கிக்கிட்டான். மக்யாநாளு விடிஞ்சதும் பக்கத்துத் தோட்டத்துக்காரங்களைக் கூட்டி வெச்சுக்கிட்டு, தேங்காயை அவனே மாமனாரு கையில குடுத்துட்டான்.

நானும் அங்கதான் நின்னேன். சுத்தி இருந்தவங்க பூரா இவரு பேச்சைக் கேட்டு போர் போட்டுக் கெட்டவங்க. காயைப் படுத்தபடியே உட்டிருந்தா, "மாப்ள தோப்புன்னா படுத்துக்குது, எங்களுக்கு மட்டும் எப்படி நின்னுது?"ன்னு சட்டையப் புடிச்சிருப்பாங்க. பாவி மனுசன், நெம்பிப்போட்டாரு. கயல்விழி கன்னத்துல போட்டுக்கிட்டா.

தோப்பை அடமானம் வெச்சுப் போட்ட போரு, எழுநூறடி போயும் புகைதான். வண்டி கெளம்பிப் போன சாயங்காலமே தென்னைக்கு வெச்சிருந்த மருந்தை நஞ்சுண்டன் குடிச்சுப்போட்டான். ஆசுபத்திரிக்குக் கொண்டு போயும் பொழைக்கல.

எழவு ஊட்டுல மச்சான் தலையில அடிச்சுக்கிட்டு, "வேண்டாம்னு சொன்னனே, கேட்டாரா மாப்ள!"ன்னு அழுதாரு. கயல்விழி அழுகைய நிறுத்திப்போட்டு நிமிந்து பாத்தா.

"ஆமாங்கப்பா, சொன்னீங்க. அவரும் என்றகிட்டச் சொன்னாரு. வெரல் வேலைன்னு தனியாச் சொன்னீங்க. ஊருக்கு முன்னால காயை நிக்க வெச்சீங்க. அவரு எதைங்கப்பா நம்புவாரு?"

அத்தனை கூட்டமும் கேட்டுச்சு. ஒருத்தருகூட மச்சானை அடிக்கலீங்க. எந்திரிச்சு, அவரை உட்டுத் தள்ளிப் போயி ஒக்காந்துக்கிட்டாங்க.