தோகாப் கேட்ட கிழியாத துணி

தோகாப் மானுருங்கின் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு யார் வந்தாலும் உடனே பாடிவிட முடியாது. முதலில் குலம் விசாரிக்க வேண்டும். வந்தவர் எந்தக் குலம், அவருடைய அம்மா எந்தக் குலத்துப் பெண், தாத்தா ஏரிக்கரையில் எந்த ஊர் என்று பேச்சு சுற்றிச் சுற்றிப் போகும். காப்பி ஆறிவிடும். முடிவில் வந்தவர் அவருக்குத் தம்பியாகவோ மாமனாகவோ மருமகனாகவோ ஆகியிருப்பார். இந்தத் தீவின் மலைநாட்டுப் பத்தாக் மக்களிடம் இது மரியாதை. விசாரிக்காமல் வேலையைத் தொடங்குகிறவனைத் திமிர் பிடித்தவன் என்பார்கள்.

சிக்கல் பாட்டு பதிந்து முடிந்த பிறகு வரும். தம்பியிடம் முழுக் கட்டணம் கேட்க வாய் வராது. மருமகன் என்றால் அவனுக்குப் போக்குவரத்துச் செலவுக்கும் கொடுத்து அனுப்ப வேண்டியிருக்கும். பெண் கொடுத்த வீட்டார் வந்துவிட்டால் காசு என்ற சொல்லையே எடுக்கக் கூடாது. தமிழர்களான நம்மிடையே மாப்பிள்ளை வீடு மேலே உட்காரும்; இங்கே பெண் கொடுத்த வீடுதான் மேலே.

என்னை வேலைக்கு வைத்ததே இதனால்தான். என் அப்பா மேடான் நகரிலிருந்து இந்தச் சியந்தார் ஊருக்கு வந்து மசாலாக் கடை வைத்தவர். எனக்குக் குலப்பெயர் கிடையாது. எந்த வழியாகச் சுற்றி வந்தாலும் நான் யாருக்கும் உறவாக மாட்டேன். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து தொகையைச் சொல்வேன்; சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பேன். அந்த நேரத்தில் தோகாப் உள்ளே போய் ஏதோ ஒயரைச் சரிசெய்கிறவர்போலக் குனிந்துகொள்வார். அவருடைய மனைவி தியார்மா ஒருமுறை, இந்தப் பெண்ணுக்கு முறைப்படி ஒரு குலம் கொடுத்து நம்மோடு சேர்த்துக்கொள்ளலாமே என்றாள். அப்படி ஒரு வழக்கம் அவர்களிடம் உண்டு. தோகாப் அவசரமாகத் தலையாட்டி மறுத்தார்.

“வேணாம். அப்புறம் கல்லாவுக்கு நான் எங்கே போய் ஆள் தேடுவேன்?”

அவர் இளைஞனாக இருந்தபோது மேடானில் விடுதிகளில் பாடும் மூவர் குழு ஒன்றில் மூன்றாவது குரல். ஒலிநாடாக் கம்பெனி ஒன்று மூடப்பட்டபோது அவர்களுக்கு வரவேண்டிய பாக்கிக்குப் பதிலாக ஒரு பழைய மிக்ஸரைக் கொடுத்தார்கள். மற்ற இருவருக்கும் அது வேண்டாம். இவர் அதைப் பேருந்தின் கூரையில் ஏற்றி சியந்தாருக்குக் கொண்டுவந்து, கூடத்தைத் தொடங்கினார். குறுந்தகடு விற்ற காலத்தில் அவர் பதிந்த பாட்டுகள் கடைக்குப் போய்ச் சேரும் முன்பே பேருந்து நிலையத்தில் திருட்டு நகலாக வந்துவிடும். இப்போது தகடே இல்லை. பாட்டு நேராகக் கைபேசிக்குப் போகிறது. படுக்கையறையில் மடிக்கணினி வைத்துக்கொண்டு பாதி விலைக்குப் பதிந்து தரும் பையன்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள்.

தோகாப் ஒரு பாட்டுக்குப் பதினைந்து லட்சம் ரூபியா வாங்குவார்; கேட்கத்தான் பெரிய தொகை, இந்திய ரூபாயில் சில ஆயிரம்தான். கீபோர்டு வாசிப்பவரின் பங்கு, மின்கட்டணம், ஜெனரேட்டருக்கு எண்ணெய் எல்லாம் அதில்தான். வாசலில் நிற்கும் மோட்டார் ரிக்‌ஷாக்காரர்களின் காப்பிச் செலவும் அதில் சேரும். அந்த வண்டிகளில் இருப்பது வெள்ளைக்காரன் காலத்து இன்ஜின். உறுமினால் சுவர் அதிரும். உள்ளே சிவப்பு விளக்கு எரிந்தால் அவர்கள் இன்ஜினை அணைக்க வேண்டும், அதற்குக் காப்பி. பாடகர் நாலு தடவை தப்பாகப் பாடினால் காப்பிக் கணக்கும் ஏறும்.

உண்மையில் கூடத்துக்குச் சோறு போட்டவை சாவு வீடுகள். பேரன் பேத்தி எல்லாம் கண்டுவிட்டு ஒரு முதியவர் கண்மூடினால் நாள்கணக்கில் இசை வேண்டும்; கீபோர்டும் ஒலிபெருக்கியும் தோகாப்பிடமிருந்து வாடகைக்குப் போகும். ஊரில் சில வாரம் யாரும் சாகவில்லை என்றால் கட்டட வாடகை தள்ளிப்போகும். இதை அவர் ஒருநாளும் வேடிக்கையாகச் சொன்னதில்லை. சாவு வீட்டிலிருந்து திரும்பி வரும் ஒலிபெருக்கியைத் துடைக்காமல் உள்ளே எடுத்து வைக்க விடமாட்டார்.

அப்படிச் சேர்ந்த பணத்தில் அவர் வாங்கிய ஒரே நல்ல பொருள் ஒரு பெரிய மைக். மெலிந்த குரலுக்கும் அதில் ஒரு கனம் வந்துவிடும். மடிக்கணினிப் பையன்களை விட்டுவிட்டு மூவர் குழுக்கள் இவரைத் தேடி வந்ததற்கு அந்த மைக்தான் காரணம்.

கட்டடம் தியார்மாவின் அண்ணன் ஹுமிசாருடையது. காப்பிக்கொட்டை மொத்த வியாபாரி. இரண்டு மாடிக் கடைவீட்டில் கீழ்த்தளத்தின் பின்பாதி கூடம், முன்பாதி என் மேசையும் காத்திருக்கும் பெஞ்சும். வாடகையை தோகாப் ஒருபோதும் குறைத்துக் கேட்டதில்லை. ஹுமிசார் வீட்டார் வந்து பாடும்போது நான் மேசையை விட்டு எழுந்து போய்விட வேண்டும் என்பது சொல்லப்படாத ஏற்பாடு. அவர்கள் நிறையப் பாடினார்கள். திருமணத்துக்கு, பிறந்த நாளுக்கு, இறந்துபோன தகப்பனாரின் எலும்பை வைத்துக் கட்டிய நினைவு மண்டபத்தின் திறப்புக்கு என்று பாட்டு வந்துகொண்டே இருந்தது.

மண்டபப் பாட்டைப் பதிந்து முடித்த அன்றுதான் ஹுமிசார் அதைச் சொன்னார். பெரிய அங்காடி நிறுவனம் ஒன்று கீழ்த்தளம் முழுவதையும் கேட்கிறது, ஐந்து வருட வாடகையை முன்பணமாகத் தருகிறது.

“ஈஸ்டருக்குள்ள காலி பண்ணிக் குடுத்துரு, லாயே” என்றார். மச்சினன்மார் ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிடுவார்கள். குரலில் கடுமை ஒன்றும் இல்லை. காப்பியைக் குடித்து முடித்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

தோகாப் ஊரைச் சுற்றி இடம் தேடினார். வேறு இடத்தில் சுவருக்குப் பஞ்சு அடைத்து, கூரைக்கு இரட்டைப் பலகை போட்டு, கண்ணாடி பதிக்க ஆகும் செலவில் கூடத்தையே இரண்டு முறை விற்று வாங்கலாம். தியார்மா என் மேசைக்கு வந்தாள். தன் அண்ணன் குடும்பம் இதுவரை பதிந்த பாட்டுகளுக்கெல்லாம் கட்டணச் சீட்டு போட்டு அனுப்பச் சொன்னாள். கூட்டிப் பார்த்தால் வாடகையைத் தாண்டும் என்றாள். நான் தோகாப்பைப் பார்த்தேன்.

“சீட்டு அனுப்பினா காசு வந்துரும்” என்றார் அவர். “நாளைக்கு நம்ம பொண்ணு கல்யாணத்துல மாமன் துணியை யாரு போர்த்துவா? சீட்டா வந்து போர்த்தும்?”

தியார்மா வெகுநேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவள்தான் சொன்னாள், காசு கேட்கக் கூடாது, ஆனால் துணி கேட்கலாமே என்று.

பெண் கொடுத்த வீட்டார் மகளுக்கும் மருமகனுக்கும் போர்த்தும் ஊலோஸ் துணி ஆசீர்வாதம். அதில் ஒன்றுக்குக் கிழியாத துணி என்று பெயர்; அது நெய்த துணி அல்ல, நிலமோ இடமோ. மருமகன் முறைப்படி பன்றி சமைத்து எடுத்துக்கொண்டு போய் விருந்து வைத்து, பெரியவர்கள் முன்னால் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் விருப்பம். விருந்தைச் சாப்பிட்டுவிட்டு ஒரு சாதாரணத் துணியைப் போர்த்தி, வாழ்த்தி அனுப்பினாலும் முறை தவறியதாகாது.

பன்றிக்கும் அரிசிக்கும் கையில் பணம் இல்லை. மைக்கை எதிர்த்தெருப் பையன் ஒருவன் வாங்கிக்கொண்டான். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது தோகாப் பின்னாலேயே வாசல்வரை வந்து, மழை நாளில் அதை உறையைவிட்டு எடுக்காதே என்றார். கூடம் தப்பினால் மைக் இருக்காது. தப்பாவிட்டால் இரண்டும் இருக்காது.

ஹுமிசார் வீட்டு முன்கூடத்தில் பாய் விரித்திருந்தது. குலத்துப் பெரியவர்கள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். தட்டெடுத்துக் கொடுக்க தியார்மா என்னையும் அழைத்துப் போயிருந்தாள். அவள் கண் அடுப்பங்கரைப் பக்கமே இருந்தது. பன்றி கொண்டுவரும் மருமகனுக்கு மாமனார் வீடு கெண்டை மீன் சமைத்து எதிரே வைக்க வேண்டும். மீன் இல்லை என்றால் கேட்குமுன்பே பதில் தெரிந்துவிடும். ஹுமிசாரின் மனைவி மஞ்சள் பூசிய முழு மீனைத் தட்டில் தூக்கி வந்து தோகாப், தியார்மா இருவர் முன்னாலும் வைத்தாள். தியார்மா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

எல்லோரும் சாப்பிட்டார்கள். கை கழுவிய பிறகு மூத்தவர், இந்தச் சாப்பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று வழக்கப்படி கேட்டார்.

தோகாப் வாடகையைப் பற்றியோ பாட்டுகளைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. திருமண நாளில் நீங்கள் போர்த்திய துணி இன்னும் பெட்டியில் இருக்கிறது, அதன் ஓரம் நைந்துவிட்டது, கிழியாத துணி ஒன்று கேட்டு வந்திருக்கிறோம் என்றார். மூன்றாவது குரலாகவே பாடிப் பழகியவர், இவ்வளவு பேர் நடுவில் தனியாகப் பேசி நான் பார்த்ததில்லை.

ஹுமிசார் பல் குத்திக்கொண்டிருந்தார். “எவ்வளவு பெரிய துணி வேணும், லாயே?”

“ஒரு ஆள் நின்னு பாடுற அளவு.”

கிழவர்கள் சிரித்தார்கள். ஹுமிசார் சிரிக்கவில்லை. அங்காடிக்காரர்களின் முன்பணம் ஏற்கெனவே அவர் கைக்கு வந்துவிட்டது, பாதியைச் செலவழித்துமிருந்தார். தோகாப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கையைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் அவரை அவசரப்படுத்தவில்லை. சாப்பிட்ட பன்றி எல்லோர் வயிற்றிலும் இருந்தது.

கடைசியில் அவர் எழுந்து உள்ளே போனார். கருநீலத் துணி ஒன்றை எடுத்து வந்து இருவர் தோள்களையும் சேர்த்துப் போர்த்தினார்.

“முன்பாதியை வாக்குக் குடுத்துட்டேன். பின்பாதி என் தங்கச்சிக்கு.” நிறுத்திவிட்டுச் சொன்னார், “வாசல் மட்டும் சந்துப் பக்கம் வச்சுக்கோ.”

மூத்தவர் நிபந்தனையைச் சொன்னார். கிழியாத துணியை விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது. தோகாப் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். வங்கிக்காரனுக்கு அந்த அறை இனி ஒரு பொருளே இல்லை. ஹுமிசார் வீட்டார் பாட்டுக்கு இனி எந்தக் காலத்திலும் கட்டணம் கிடையாது. இரண்டையும் தோகாப் அறிந்தே கேட்டார் என்பது வீட்டுக்குத் திரும்பும்போது தியார்மா சொல்லித்தான் எனக்குப் புரிந்தது.

இப்போது வாடகை இல்லை. என் மேசை சந்துப் பக்கம், மீன் கழுவும் தொட்டிக்கு அருகே இருக்கிறது. ரிக்‌ஷாச் சத்தம் எட்டுவதில்லை. அதற்குப் பதிலாக அங்காடியின் குளிர்பெட்டி மோட்டார் சுவரில் முனகுகிறது. அதற்குக் காப்பி வாங்கிக் கொடுக்க முடியாது. மோட்டார் தானாக நிற்கும்வரை தோகாப் கையை உயர்த்திக் காத்திருப்பார். நின்றதும் கையை இறக்குவார். மறுபடி அது தொடங்குவதற்குள் பாடகர் ஒரு சரணத்தை முடித்துவிட வேண்டும். மூவர் குழுக்களில் பாதி பேர் பையன்களிடம் போய்விட்டார்கள். சாவு வீடுகள் மட்டும் மாறவில்லை.

மழைக்காலத்தில் ஹுமிசார் ஒரு பாட்டுப் பதிய வந்தார். தலையைக் குனிந்து சந்துக் கதவுக்குள் நுழைந்தார். நான் மேசையை விட்டு எழுந்து தொட்டிப் பக்கம் போனேன்; கதவைச் சாத்தாததால் உள்ளே நடப்பது தெரிந்தது. ஒருமுறை பாடிவிட்டு, பதிந்ததைப் போட்டுக் கேட்டார். குரல் தகரம்போல வந்தது. இன்னொரு முறை கேட்டார்.

“இது என் குரலா? அந்தப் பெரிய மைக் என்னாச்சு, லாயே?”

தோகாப் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். நிமிராமல் சொன்னார்:

“அன்னிக்கு நாம எல்லாரும் சாப்பிட்டோமே, லாயே. அதுதான்.”

சுவருக்கு அப்பால் மோட்டார் முனகிக்கொண்டிருந்தது. ஹுமிசார் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றி மடிமேல் வைத்துக்கொண்டார். மோட்டார் நிற்கும்வரை தோகாப் கையை உயர்த்திக் காத்திருந்தார். நின்றதும் தோகாப் கையை இறக்கினார். ஹுமிசார் முதல் வரியிலிருந்து பாடத் தொடங்கினார்.