லண்டன் ஏழைக்கு ஒரு சேலை

ஆவுடைத்தாய் செய்த தப்பு என்னவென்று கேட்டால், வீட்டுக்கு வந்தவர்களை மரியாதையாக உட்காரவைத்ததுதான். அதற்காகவே அவளுக்கு வரவேண்டிய வீடு கைநழுவிப் போயிற்று. இப்படியும் நடக்குமா என்பீர்கள். கழக்கூட்டம் என்ற மலையாளத்து ஊரில் நடந்தது.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து புருஷன் பிச்சைக்கனியோடு கட்டட வேலைக்கு வந்தவள் அவள். இருபது வருஷம் இரண்டு பேரும் செங்கல்லும் சிமெண்டும் சுமந்தார்கள். அங்கே எழுந்து நிற்கும் அடுக்குமாடிகளில் எத்தனைக்கு அவர்கள் கை பட்டதோ, கணக்கு யார் வைத்தார்கள்? ஒருநாள் சாரம் சரிந்து பிச்சைக்கனிக்கு இடுப்புக்குக் கீழே செத்துப்போனது. ஆவுடைத்தாய் ஒரு கல்லூரியில் கூட்டிப்பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். குடியிருந்தது தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. அதையும் இடித்து ஃபிளாட் கட்டப்போகிறேன், ஓணத்துக்குள் காலி செய்யுங்கள் என்று வீட்டுக்காரன் சொல்லிவிட்டான். படுத்த படுக்கையாக ஒரு ஆள் இருக்கிறார் என்றால் எவன் அறை தருவான்? அவள் ஏறி இறங்காத வாசல் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரியில் புதிதாகக் கட்டிய ஒரு வீட்டை ஏழைக் குடும்பத்துக்குக் கொடுப்பதாக முடிவானது. கமிட்டிக்குத் தலைவி ஷீஜா டீச்சர். எல்லையோரப் பாறசாலைக்காரர், தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிறவர், இங்கிலீஷ் இலக்கியம் நடத்துகிறவர். ஆவுடைத்தாய் மனு கொடுத்தாள். டீச்சர் மேல் அவளுக்கு மலைபோல நம்பிக்கை.

நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. ஒருநாள் வராந்தாவைப் பெருக்கும்போது டீச்சர் வகுப்பில் குரல் தழுதழுத்துப் பேசுவதைக் கேட்டாள். பாஷை புரியவில்லை. வெளியே வந்த அனுஷா என்ற மாணவியைப் பிடித்து விசாரித்தாள். விக்டோரியா ராணி காலத்து லண்டன் கதையாம். சின்னப் பிள்ளைகளைப் புகைக்கூண்டுக்குள் இறக்கி வேலை வாங்குவார்களாம். கஞ்சிக்கு வழியில்லாதவர்களைத் தனி விடுதியில் அடைத்து, புருஷனை ஒரு பக்கமும் பெண்டாட்டியை ஒரு பக்கமும் பிரித்துப் போடுவார்களாம். சீமாட்டிகள் ஏழை வீட்டுக்குள் புகுந்து சட்டி பானையைப் பார்த்து, இவன் நல்ல ஏழை, இவன் கள்ள ஏழை என்று தீர்ப்புச் சொல்வார்களாம். அந்த அநியாயத்தைச் சொல்லும்போதுதான் டீச்சர் கண் கலங்கிவிட்டார். என்றைக்கோ செத்த வெள்ளைக்காரனுக்கு அழுகிறவர் எனக்கு இரங்கமாட்டாரா என்று நினைத்தாள் ஆவுடைத்தாய். பாவம், அவள் வேறென்ன நினைப்பாள்?

கமிட்டி வீடு பார்க்க வரும் நாள் தெரிந்தது. வருவது இல்லாமையைப் பார்க்கத்தான் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் டீச்சர் வாசல் தேடி வருகிறார், அழுக்கும் கிழிசலுமாக நிற்பதா? அவள் பிறந்த வீட்டில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. பட்டினி கிடந்தாலும் விருந்தாளி முன்னால் அடுப்பு எரிய வேண்டும். பக்கத்து அறைத் தங்கபாயிடம் மூன்று நாற்காலியும் பூப்போட்ட பீங்கான் கோப்பைகளும் இரவல் வாங்கினாள். அவளுடைய நீலப் பட்டுச் சேலையையும் வாங்கி உடுத்திக்கொண்டாள். தினமும் உடுத்தும் சேலை முதுகுப் பக்கம் நார்நாராகக் கிழிந்திருந்தது. அதைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பிச்சைக்கனிக்கு வெளுத்த வேட்டி கட்டி, சுவரோரம் தலையணை முட்டுக்கொடுத்து உட்காரவைத்தாள். அந்த மனிதரும் சும்மா இருந்தாரா? பல்லைக் கடித்துக்கொண்டு கால்மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்து, வந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்.

டீச்சர் தேநீரைக் குடித்தபடி அறையைச் சுற்றிப் பார்த்தார். கூட வந்தவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

“புத்திமுட்டு, கஷ்டம் ஏதாவது உண்டா, ஆவுடே? ஒளிக்காமச் சொல்லு.”

அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் டீச்சர் கையில் கோப்பை பாதி இருந்தது. குடிக்கிறவர் முகத்துக்கு நேரே பஞ்சப்பாட்டு பாடுவதா? நாக்கு தானாகப் புரண்டது.

“ஒரு கொறையும் கெடையாது டீச்சர். ஒங்க புண்ணியத்துல நல்லாருக்கோம்.”

அவர்கள் போனதும் பிச்சைக்கனி சரிந்து விழுந்தார். மூன்று நாள் வலியில் முனகினார்.

வீடு வேறொரு குடும்பத்துக்குப் போனது. ஆவுடைத்தாய் டீச்சரிடம் ஓடினாள். நாற்காலி இரவல், கோப்பை இரவல், பட்டு இரவல் என்று எல்லாவற்றையும் கொட்டினாள். டீச்சர் பொறுமையாகத்தான் கேட்டார். எழுந்திருக்க முடியாதவர் என்று மனுவில் எழுதிவிட்டு, அவரை உட்காரவைத்துக் காட்டினால் கமிட்டி எதை நம்பும் என்று வருத்தத்தோடு கேட்டார். பிறகு சொன்னார்:

“நீ அன்னிக்கு நுணை சொன்னியா, இன்னிக்குச் சொல்லுறியா, நான் எப்படி அறியும்?”

பொய்க்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தாள். எரிச்சலாக வருகிறது எனக்கு. அவளுக்கு எரிச்சல்கூட வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து, வீட்டுச் சாவி கொடுக்கும் விழாவுக்கு லண்டன் ஏழைகளைப் பற்றி மாணவிகள் ஒரு நாடகம் ஆடுவதாக ஏற்பாடு. வேஷத்துக்குக் கிழிந்த துணி வேண்டும் என்று பெருக்குகிறவர்கள் எல்லாரிடமும் டீச்சர் கேட்டார். ஆவுடைத்தாய்க்கு ஒரு நப்பாசை எட்டிப் பார்த்தது. கிழிசலைக் கண்ணால் பார்த்தால் நம்புவாரோ என்று, கட்டிலுக்கு அடியில் தள்ளிய அதே சேலையைத் துவைத்து மடித்துக் கொண்டுபோய் நீட்டினாள். டீச்சர் அதை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அடிபொளி. இதுதான் எனக்கு வேணும்.”

விழாவில் அனுஷா அதைப் போர்த்திக்கொண்டு மேடையில் கையேந்தினாள். அரங்கமே மூக்கைச் சிந்தியது. டீச்சர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்கதவோரம் நின்று ஆவுடைத்தாய் பார்த்தாள். கைதட்டல் முடிந்து எல்லாரும் போன பிறகு, மேடையைப் பெருக்கும்போது சேலை ஒரு மூலையில் கிடந்தது. அளவுக்காக இரண்டாக வெட்டியிருந்தார்கள். இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டாள்.

ஓணத்துக்கு முந்தின நாள் அறையைக் காலி செய்தாள். பிச்சைக்கனியைச் சேர்த்துக்கொள்ள ஒரு ஆதரவற்றோர் விடுதி சம்மதித்தது. ஆண்களுக்கு மட்டும் என்றார்கள். விடுதியிலிருந்து வந்த வண்டியில் அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது, ஒரு துண்டை எடுத்து அவர் மார்போடு சேர்த்து இருக்கையில் கட்டினாள். மற்றதை இடுப்பில் சுற்றிக்கொண்டு, வண்டி போகிற திசையைப் பார்த்தபடி ரோட்டோரம் நின்றாள்.