இரண்டு தலைமாடு உள்ள போர்வை

இத்தாலியின் பலெர்மோவில், போர்கோ வெக்கியோச் சந்தைக்குப் பின்னால், திரைச்சீலையும் சோபா உறையும் தைக்கும் கடை ஒன்று இருக்கிறது. அது நான் உண்டாக்கியது. பழைய மெசின் ஒன்றோடு தொடங்கினேன். கடன் கேட்கப் போன இடத்தில் என் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தார்களே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. அல்பெர்கேரியாப் பகுதியில் கூரை இடிந்து புறா குடியிருந்த வீட்டை வாங்கி, சுவர் சுவராக எழுப்பினேன். திருவிழாவில் மாதா சொரூபத்தை வைத்துத் தூக்கிவரும் கூட்டுக்கு விதானம் தைத்தவனும் நான்தான்; எந்த மழைக்கும் ஒரு சொட்டு உள்ளே இறங்காது. பிள்ளைகள் இருவரையும் பல்கலைக்கழகம்வரை அனுப்பினேன். நான் படித்தது எட்டாம் வகுப்பு, அதுவும் முழுதாக இல்லை. இதெல்லாம் இங்குள்ள நம்மவர்களுக்குத் தெரியும். தெரியாதது, என் முதல் வேலை ஒரு போர்வை என்பது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

அம்மா ஒரு வயதான சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மணியின், வீட்டில் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் தங்கை, என் சித்தி, மன்னாரிலிருந்து புதிதாக வந்து எங்களோடு இருந்தார். சித்திக்கு வேலை இல்லை, இத்தாலியன் தெரியாது, பெர்மெஸ்ஸோவும் இல்லை. யாராவது ஒருவர் வேலைக்கு வைத்துக் கையெழுத்துப் போட்டால்தான் அந்த அனுமதி கிடைக்கும். இல்லாவிட்டால் திரும்பிப் போக வேண்டும். சண்டை நடந்த அந்த நாளில் திரும்பிப் போவதென்றால் என்னவென்று பெரியவர்கள் எங்கள் முன்னால் கதைப்பதில்லை.

சிஞ்ஞோராவோ வீட்டோடு தங்கி வேலை செய்ய ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். தன் தங்கை கன்னியர் மடத்தில் தையல் பழகியவள் என்று அம்மா சொல்லிவைத்தார். அப்படியானால் குளிர் வருமுன் துண்டுத்துணியில் ஒரு போர்வை தைத்து வரட்டும், பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார் சிஞ்ஞோரா. இலையுதிர்காலம்போல இருக்க வேண்டுமாம்.

எங்கள் வீட்டில் எவரும் இலையுதிர்காலத்தைக் கண்டதில்லை. பலெர்மோவிலும் அது பெயருக்குத்தான். ஒக்டோபரிலும் ஆட்கள் கடலில் குளிப்பார்கள். ஆரஞ்சுத் தோடை மரங்கள் பச்சையாகவே நிற்கும். ஆனால் என் வகுப்பறைச் சுவரில் ஓர் இலையுதிர்காலம் இருந்தது. சிவப்பு, செம்மஞ்சள், மண்ணிறக் கடதாசி இலைகளை வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஆசிரியை அதைக் காட்டிப் படிப்பிக்க, யன்னலுக்கு வெளியே மரம் பச்சையாக நின்று கேட்டுக்கொண்டிருக்கும். ஆகவே குடும்பத்தில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான்.

சோக்கட்டியால் தரையில் போர்வையை வரைந்தேன். அடியில் சதுரத் துண்டுகள், அவற்றின்மேல் இலை வடிவில் வெட்டிய துண்டுகள். சித்தி பக்கத்தில் குந்தியிருந்தார்.

"பச்சையை மேலை வை மோனை, காய்ஞ்சதைக் கீழை விடு. பனை மரத்திலை அடியோலைதானே முதல் காயும்."

அதை ஒத்துக்கொண்டேன். ஆனால், இலைகளின் நுனிகளெல்லாம் கீழே பார்க்கும்படி அவர் வரிசை பிடிக்கப் போனபோது விடவில்லை.

"இல்லைச் சித்தி. இலை சுத்திச் சுத்தி விழும். ஒண்டு அங்கை பாக்கும், ஒண்டு இஞ்சை பாக்கும்."

"நீ கண்டனியோ?"

"ஓம்."

சுவரில் கண்டேன்தானே.

"பெரிய வாத்தியார்!" என்று தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, நான் சொன்னபடியே இலைகளைக் கலைத்துப் போட்டார்.

துணி வாங்கவும் நான்தான் போனேன், பேரம் பேச மொழி என்னிடம் இருந்தது. பல்லாரோச் சந்தையில் மீன்கடைகளுக்குப் பக்கத்தில் ஒருவன் வெட்டுத்துணிகளைக் குவித்து வைத்திருப்பான். மேலே கூரைத்துணியாகச் சிவப்புப் படங்கு கட்டியிருக்கும். குவியலைக் கிளறக் கிளற எல்லாம் நெருப்பு நிறம். வகுப்பறைச் சுவரே வந்து கிடந்ததுபோல இருந்தது. பை நிறைய அள்ளிக்கொண்டு ராசாபோல வீடு வந்தேன்.

யன்னலடியில் வைத்து அம்மா பையைக் கவிழ்த்தார். வெள்ளை, பால் நிறம், வெளிறிய ரோசா.

"கண் என்ன பிடரியிலையே கிடக்கு? ஞானஸ்நானச் சட்டைக்கே துணி வாங்கினனீ?"

மீன் புதிதாகத் தெரியத்தான் அங்கே சிவப்புப் படங்கு கட்டுகிறார்கள்; அதன் கீழே வெள்ளையும் சிவப்பாகத் தெரியும். பெரிய பெரிய சமையல்காரர்கள் ஏமாறும் இடம் அது. சித்தி மட்டும் ஒரு துண்டை விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"நல்ல பருத்தி அக்கா. சாயம் பிடிக்கும்."

அடுப்பில் பெரிய பானை ஏறியது. தேயிலைச் சாயம் கொதித்தது. வெங்காயத் தோலும் மாதுளந்தோலும் பொறுக்கிவர என்னைத் திரும்பவும் சந்தைக்கு அனுப்பினார்கள். குறைய ஊறிய துணி மணல் நிறம் பிடித்தது, கூட ஊறியது மரப்பட்டை நிறமானது. நான் சிவப்பும் மஞ்சளுமாகச் சரியாக வாங்கியிருந்தால் இத்தனை நிறங்கள் கிடைத்திருக்குமா, சொல்லுங்கள். மேல் வரிசைக்கு அம்மாவின் பழைய பச்சைப் பாவாடை போனது. சித்தி பகல் முழுவதும் யன்னலோரம் இருந்து கையாலேயே தைத்தார். கடைசியில் அவருடைய விரல்களும் ஓர் இலையுதிர்காலம்போல ஆகிவிட்டன.

கொண்டுபோன அன்று அம்மா வாசலடியில் செபமாலையோடு நின்றுவிட்டார். மொழிபெயர்க்க நான் உள்ளே போனேன். சித்தி போர்வையைக் கட்டிலில் விரித்தார், பச்சை தலைமாட்டில், காய்ந்தது கால்மாட்டில். சிஞ்ஞோரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டி ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்றார் சித்தி.

"தலைகீழாம்."

சித்தியின் முகம் செத்துப்போனது. பையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, ஓரத் தையலைப் பிரிக்கக் குனிந்தார். சிஞ்ஞோரா ஓடிவந்து அவருடைய கையைப் பிடித்தார். கத்தரிக்கோலை வாங்கித் தூர வைத்தார். பிறகு போர்வையின் இரண்டு மூலைகளைப் பிடித்துக் கட்டிலைச் சுற்றி இழுத்துப் போட்டார். இப்போது காய்ந்தது தலைமாட்டில், பச்சை கால்மாட்டில். தடவித் தடவிக் கதைத்தார். நான் கேட்டுக் கேட்டுச் சொன்னேன்.

"இவ வடக்கை மலைநாட்டிலை பிறந்தவவாம் சித்தி. அங்கை மலை உச்சியிலைதான் முதல் பழுக்குமாம். பிறகு மெல்ல மெல்லக் கீழை இறங்குமாம். பள்ளத்திலை கடைசிமட்டும் பச்சையாம்."

"அப்ப பிழை இல்லையே?"

"இல்லை. திங்கக்கிழமை உடுப்போடை வரட்டாம்."

சித்தி அழுதார். சிஞ்ஞோராவும் அழுதார். சித்தி அழுததற்குக் காரணம் தெரிந்தது. சொந்தமாக இவ்வளவு பெரிய கட்டில் வைத்திருக்கிற ஒருவர் ஏன் அழ வேண்டுமென்று எனக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தியைப் பார்க்கப் போவேன். அந்த அறையில் புதினமான காரியம் ஒன்று கண்டேன். காலையில் போனால் போர்வையின் பச்சை தலைமாட்டில் இருக்கும். சிஞ்ஞோராவின் மத்தியானத் தூக்கத்துக்குப் பிறகு பார்த்தால் கால்மாட்டுக்குப் போயிருக்கும். இவர்கள் பிடிவாதம் பிடித்துச் சண்டைக்குப் போய், சித்தியின் வேலை போய்விடப்போகிறதே என்று பயந்தேன். ஒருநாள் காலையில் யாருக்கும் தெரியாமல் சிஞ்ஞோராவின் பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தபோது சித்தி பிடித்துவிட்டார்.

"விடு மோனை. காலமை என்ரை பக்கம், அவ படுக்கேக்கை அவவின்ரை பக்கம்."

"அப்பிடிச் சொன்னவவோ?"

"ஒண்டும் கதைக்கேல்லை. உனக்கேன் பெரிய ஆக்களின்ரை விஷயம்?"

இந்த ஊரில் வேற்றாள் என்றால் நாங்கள்தான் என்று நினைத்திருந்தேன். இத்தாலியன் கதைக்கிற எல்லாருக்கும் பலெர்மோ சொந்த ஊர்தான் என்றும் நினைத்திருந்தேன். கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து சிஞ்ஞோராவிடம் அந்த மலையைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை என்பதோ, பொதுவாக ஒரு மொழி இல்லாத இரண்டு பெண்கள் அந்தப் போர்வையை வைத்துத்தான் நாள்தோறும் கதைத்தார்கள் என்பதோ அந்த வயதில் எனக்கு எட்டவில்லை.

இப்போது அந்தப் போர்வை எங்கள் பங்குக் கோவில் மண்டபத்தில், நம் பெண்களின் கைவேலைகளோடு தொங்குகிறது. அடியில் உள்ள அட்டையில் சித்தியின் பெயர் மட்டும் இருக்கிறது. தைத்தவர் அவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் சொன்னபடி எல்லா இலைகளும் ஒரே பக்கம் பார்த்திருந்தால் என்ன நடந்திருக்கும்? சிஞ்ஞோரா திருப்பிப் போட்டதும் இலைகள் எல்லாம் வானத்தை நோக்கி விழுந்திருக்கும். போர்வை எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கும். அதன் பின்னால் சித்தியும் மன்னாருக்குத் திரும்பியிருப்பார். எந்தப் பக்கம் போட்டாலும் சரியாக நிற்கிற அந்த வடிவம் என்னுடையது. மண்டபப் பொறுப்பாளர்களே, அட்டையில் இன்னொரு வரிக்கு இடம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். "வடிவம்: அக்காவின் மகன்" என்று எழுதுங்கள். பெரிய எழுத்தில் எழுதுங்கள். சித்திக்குப் பார்வை குறைந்துகொண்டு வருகிறது, அவர் அதை வாசிக்க வேண்டும்.